பச்சைக் கோடு போட்ட சாலை

கப்பலை விட்டு இறங்கியதும் சுங்கச் சாலையில் ஏறிவிட்டால், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே லெ மான் போய்ச் சேரலாம். புத்தியுள்ளவர்கள் அப்படித்தான் போகிறார்கள். எங்கள் சங்கம் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். பழைய கார்கள் எட்டு, அவற்றைவிடப் பழைய மனிதர்கள் பதினாறு பேர். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஷ்ராப்ஷயரிலிருந்து கிளம்பி, இருபத்து நான்கு மணி நேர மோட்டார் பந்தயம் பார்ப்பதற்காகப் பிரான்ஸுக்குள் சுற்றிச் சுற்றிப் போவோம். அந்தச் சுற்றுவழியை வகுப்பது என் வேலை. முப்பது வருடமாக என் வேலை. யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. ஒரு தடவை செய்தேன், அதோடு என் தலையிலேயே உட்கார்ந்துவிட்டது.

பிரான்ஸில் மஞ்சள் அட்டை போட்ட சாலை வரைபடம் விற்பார்கள். அதில் அழகான சாலைகளுக்கு மட்டும் ஓரமாக ஒரு பச்சைக் கோடு இழுத்திருக்கும். பச்சைக் கோடு இல்லாத சாலையில் எங்கள் சக்கரம் படக்கூடாது என்பது என் கணவன் ஹெட்லி போட்ட சட்டம். சட்டம் போடுவதோடு அவன் வேலை முடிந்தது. அந்தப் பச்சைக் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் நடுநடுவே அறுந்து நிற்கும். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு சமையலறை மேசையில் குனிந்து உட்கார்ந்து, முதுகு ஒடிய அவற்றை முடிச்சுப் போடுவது நான்.

பிப்ரவரியில் பப்பின் பின்னறையில் கூட்டம் நடக்கும். வழியைப் பற்றி ஆளாளுக்கு ஒரு குறை சொல்வதற்குப் பெயர் கூட்டம்.

"லோர்னா, போன வருஷம் மாதிரி காட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டுடாதே, புண்ணியமாப் போகும்" என்றாள் மாக்சின். இரண்டாவது காரில் வருபவள், கணவனை ஓட்டவிடாமல் தானே ஓட்டுபவள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு டாய்லெட் வேணும். கதவு இருக்கற டாய்லெட்."

"எனக்கு மேட்டு ரோடு வேணாம்மா" என்றான் க்வின். "ஏறினா கொதிச்சுப் போயிடுது."

"கொதிக்கறது உன் காரா, நீயா?"

"ரெண்டும்தான்."

கடைசியில் யாரோ, எப்போதும் யாரோ ஒருவர், ஒரே ஒரு வருடம் சுங்கச் சாலையில் போனால் என்ன என்று கேட்பார்கள். ஹெட்லி அதற்காகவே காத்திருப்பான்.

"போ, தாராளமாப் போ. லாரிங்க பின்னால வரிசையில நின்னு டிக்கெட் வாங்கிட்டுப் போ. நாங்க மனுஷங்க, மெதுவா வர்றோம்."

எல்லோரும் சிரிப்பார்கள். வருடா வருடம் அதே சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. ஹெட்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன். க்வின் தாமதமாக வந்து கதவருகே நின்று கையசைத்தபோது, ஹெட்லி அவன் பக்கம் முகத்தைத் திருப்பி, யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். க்வின் வாயைத் திறந்து "என்னப்பா" என்ற பிறகுதான் "அட, க்வின்!" என்றான். சாப்பாட்டு அட்டையை நீட்டியபோது கையில் வாங்காமல் "எனக்கு வழக்கமானதுதான்" என்றான். தினம் காலையில் குறுக்கெழுத்துப் போடாமல் காபி இறங்காதவன், இலையுதிர் காலத்திலிருந்து அதைத் தொடுவதில்லை. கேட்டால், பத்திரிகைக்காரன் முன்பு மாதிரி இல்லை, தரம் போய்விட்டது என்பான்.

ஹெட்லிக்குக் கண் தெரிகிறதா இல்லையா என்பதுதான் என் கவலை. நவம்பரில் கண்ணாடிக் கடையில் அவனைப் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். போனான். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கண்ணில் சொட்டு மருந்தோடு வெளியே வந்து, "வயசுக்கு ஏத்ததுதான்னு சொன்னார். டீ குடிக்கலாமா?" என்றான். அதற்கு மேல் எப்போது கேட்டாலும் பேச்சு வானிலைக்குப் போய்விடும்.

அவனையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்வலத்துக்கு முன்கார் அவனுடையது, அறுபத்தாறாம் வருடத்து ட்ரையம்ஃப், மேல்கூரை இல்லாத பச்சைக் கார். முன்காரை மற்ற ஏழும் முந்தக்கூடாது. பந்தயம் அவனுக்கு ஒரு சாக்குத்தான். கொடி விழுந்து இரண்டாவது மணி நேரத்தில் மடக்கு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவான். போகும் வழிதான் அவனுக்குத் திருவிழா. ஏழு கார்கள் பின்னால் வர, கிராமத்துப் பிள்ளைகள் கையசைக்க, முன்னால் போகும் அந்த இரண்டு நாளுக்காகத்தான் மிச்ச வருடத்தைக் கழிக்கிறான். அதைப் பிடுங்கிவிட்டால் அவனிடம் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை. பிடுங்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். அதனால்தான் அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கார்களில் ஸ்டீயரிங் வலது பக்கம். பிரான்ஸிலோ சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவன் புல்லோரமாக உட்கார்ந்திருப்பான். முன்னால் ஒரு லாரி போனால், அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டிதான் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "காலியா?" என்று ஹெட்லி கேட்பான். நான் "போ" என்றால் மறுபேச்சில்லாமல் அழுத்துவான். "இரு" என்றால் இருப்பான். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட என் "போ"வை அவன் சந்தேகப்பட்டதில்லை. மற்றக் கார்களிலும் அவரவர் பார்த்துத்தான் முந்த வேண்டும் என்று விதி. ஆனால் மாக்சின் வாய்விட்டே சொல்வாள், "ஹெட்லி போனா ரோடு காலின்னு அர்த்தம்" என்று.

கொஞ்ச நாளாக அவன் எங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்துகளிலும் "காலியா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தான். கடைக்குப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். பிரான்ஸ் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று முதலில் நினைத்தேன். வயதான காலத்தில் என் துணை பிடிக்கிறதாக்கும் என்றுகூட நினைத்தேன். நினைப்பதற்கு என்ன.

ஏப்ரலில் ஒத்திகை. வழியை வகுத்தவர்கள் ஊர்வலத்துக்கு முன்பே ஒரு தடவை அதில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்த விடுதி மூடிவிட்டது என்று. நானும் ஹெட்லியும் மட்டும். போர்ட்ஸ்மத்தில் கப்பல் ஏறி, மறுநாள் காலை நார்மண்டிக் கரையில் இறங்கினோம். வழியைச் சோதிக்கப் போகிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

துறைமுக ஊரைத் தாண்டும்வரை நன்றாகவே ஓட்டினான். கை அவனுடையது, அதில் குறையே கிடையாது. கியர் மாற்றுவது எனக்குக் காதில்தான் தெரியும், உடம்பில் தெரியாது. ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. ஒவ்வொரு சந்திப்பிலும் பலகையை நான் படித்தேன், அவன் திருப்பினான். எப்போதும் அப்படித்தான், ஆகவே அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. க்ளேசியில் ஆற்றோரத்துக் கடையில் மதியச் சாப்பாடு. உணவெல்லாம் சாக்பீஸில் எழுதிய கரும்பலகையைக் கடைக்காரி எங்கள் மேசைக்கு முன்னால் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். ஹெட்லி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மீன்" என்றான்.

"இன்று மீன் இல்லையே, ஐயா" என்றாள் அவள்.

"சும்மா உன்னைச் சோதிச்சேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். "லோர்னா, நீயே எதாவது சொல்லேன்."

நான் முயல் கறி சொன்னேன்.

அங்கிருந்து மேடு ஏறி ஒய்ட்ர் பாறைக்குப் போனோம். க்வின்னின் கார் இங்கே நிச்சயம் கொதிக்கும். பாறை விளிம்பில் நின்றால் பாதாளத்தில் ரூவ்ர் ஆறு காட்டுக்குள் நுழைந்து நுழைந்து போவது தெரியும். வருடா வருடம் இங்கே எட்டுக் காரையும் நிறுத்தி, தெர்மாஸைத் திறந்து டீ குடிப்போம். ஹெட்லி கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காற்று அவன் முடியைக் கலைத்தது.

"எப்படி மின்னுது பாத்தியா ஆறு" என்றான்.

மழைமேகம் இறங்கி, கீழே பள்ளத்தாக்கு முழுக்க நிழல். ஆறு கண்ணுக்கே தெரியவில்லை, மரங்கள்தான் தெரிந்தன. அவன் பார்த்த பக்கம் கார் நிறுத்துமிடத்தின் தகரக் கூரை இருந்தது.

"ஆமா, அழகா இருக்கு" என்றேன். முப்பது வருடம் ஒரு மனிதனுக்காக அழகான சாலை தேடித் தேடி வரைந்திருக்கிறேன். எந்த வருடத்தோடு அவன் அதைப் பார்ப்பது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் விடுதியில் ஹெட்லி குளிக்கப் போனதும் வரைபடத்தை மேசைமேல் விரித்தேன். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், அப்போதும் ஒரு வழி தேடினேன். எதையும் முந்தத் தேவையில்லாத வழி. டிராக்டர் வராத, சந்திப்பு இல்லாத, சந்தை கூடாத, பிள்ளைகள் சைக்கிளில் குறுக்கே பாயாத ஒரு வழி. பச்சைக் கோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. பென்சிலால் போடுவேன், அழிப்பேன். அழித்து அழித்துக் காகிதம் நைந்துவிட்டது. அப்படி ஒரு சாலை பிரான்ஸில் இல்லை. குளியலறையில் ஹெட்லி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. அப்புறம் அதுவும் ஓய்ந்து, உடம்பெல்லாம் அலுப்பு மட்டும் மிச்சமிருந்தது.

மறுநாள் சான் செனரி கிராமத்தைத் தாண்டி ஒரு வளைவு. சார்த் ஆற்றுக்கு இறங்கும் குறுகலான சாலை, எங்கள் வழியிலேயே மிக அழகான துண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான். வளைவு திரும்பியதும் நேராகக் கொஞ்ச தூரம். அதன் கடைசியில், பாலத்துக்கு முன்னால், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டை போட்டு அடைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு மஞ்சள் பலகை, என் சமையலறை மேசை அளவுக்கு.

நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான். இப்போது வேகத்தைக் குறைப்பான், இதோ குறைப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார் அதே வேகத்தில் போனது. அவன் முகத்தில் ஒரு சுகம், காலை வெயிலில் பூனைக்கு இருக்குமே அப்படி.

"நில்லு! ஹெட்லி, நில்லு!"

டயர் கத்தியது. கட்டைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"எதுக்கு இப்படி உயிர் போற மாதிரி கத்தறே? நான்தான் பாத்துட்டேனே."

"எதைப் பாத்தே?"

"அதான்... முன்னால நிக்குதே, வண்டி."

"வண்டி இல்ல. ரோட்டை அடைச்சிருக்காங்க. ஆள் உயரத்துக்குக் கட்டை, சிவப்பும் வெள்ளையும்."

"வெயில் கண்ல அடிச்சுதும்மா."

வானம் முழுக்க மேகம். நான் மேலே பார்த்தேன். நான் மேலே பார்ப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்ஜினை அணைத்தான். கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். நவம்பரிலிருந்து எத்தனையாவது தடவையோ.

இந்தத் தடவை வானிலையைப் பற்றிப் பேசவில்லை.

"நடுவுல ஒரு மங்கல். ரெண்டு கண்லயும். ஓரம் எல்லாம் நல்லாத் தெரியுது லோர்னா, சத்தியமா. ரோட்டோரம் தெரியுது, வேலி தெரியுது, மரம் தெரியுது. எதைப் பாக்கறேனோ, அது மட்டும் தெரியல."

"வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொன்னாரா?"

"ஓட்டுன்னு சொல்லல."

"ஹெட்லி."

"சொன்னார். லைசென்ஸைத் திருப்பி அனுப்பிடணும்னார். அனுப்பறேன். ஜூன் முடியட்டும், அனுப்பறேன்."

நவம்பரிலிருந்து என்னை என் தங்கை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். பள்ளிக்கூட வாசல் வழியாகப் போயிருக்கிறான். பக்கத்தில் நான் உட்கார்ந்து, மகராசி, "போ போ" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இந்த ஒரு ஜூன்" என்றான். "யாருக்கும் தெரிய வேணாம். கண்ணு உன்னோடது, கை என்னோடது. இத்தனை வருஷம் அப்படித்தானே ஓடுச்சு? நீ போன்னா போறேன், இருன்னா இருக்கேன். ஒரு கீறல் விழுந்திருக்கா? சொல்லு, ஒரு கீறல்?"

"பின்னால ஏழு கார் வருது."

"அதுங்க நம்ம பின்னால பத்திரமா வரும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவன் என்ஜினைக் கிளப்பினான். நான் இறங்கியிருக்க வேண்டும். சாவியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருக்க வேண்டும். ஆனால் நாற்பது வருடம் ஒரு பக்கம் உட்கார்ந்து பழகிய உடம்பு, அங்கேயே உட்கார்ந்திருந்தது. பின்னால் பார்த்து "வா, வா, போதும்" என்று நான் சொல்லச் சொல்ல, காரைத் திருப்பினான். மாற்றுப்பாதை அம்புக்குறியைப் படித்துச் சொன்னேன்.

"இந்த ரோட்டுக்குப் பச்சைக் கோடு உண்டா?" என்று கேட்டான்.

"இல்ல."

"நல்லா இருக்கு, நம்ம சங்கத்துச் சட்டம்" என்று சிரிக்கப் பார்த்தான்.

மேடு ஏறி இறங்கியதும் சமவெளி. நூல் பிடித்தாற்போல் ஒரு நேர்சாலை, இரண்டு பக்கமும் கோதுமைப் பயிர். ஒரு மரமில்லை, வளைவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர், எருக்குவியல் ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு நடை வேகத்தில் போனது. நாற்றம் முகத்தில் அடித்தது. ஹெட்லி அதன் பின்னால் ஒட்டிக்கொண்டான். கை கியரில் தயாராக இருந்தது. முகம் பழையபடி ஆகிவிட்டது.

"காலியா?"

கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அடிவானம்வரை சாலை காலியாகக் கிடந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை, ஒரு கோழிகூட இல்லை. இதைவிடச் சுலபமாக முந்த ஒரு சாலை இனிமேல் கிடைக்காது. ஜூனில் இதே இடத்தில் "போ" என்று சொல்வேன், அவன் போவான், மாக்சின் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வருவாள், க்வின் வருவான். எல்லாம் நன்றாகத்தான் நடக்கும், ஒரு நாள் எனக்குத் தும்மல் வரும்வரை.

"இரு" என்றேன்.

இருந்தான். டிராக்டர் குலுங்கிக் குலுங்கிப் போனது.

"இப்ப?"

"இரு."

"என்ன வருது? லாரியா?"

பின்னால் ஒரு ஹாரன் கேட்டது. ரொட்டிக்காரரின் சின்ன வெள்ளை வேன் எங்களை ஒட்டி வந்து, எங்களையும் டிராக்டரையும் ஒரே மூச்சில் முந்திக்கொண்டு, அவசரமே இல்லாமல் தன் பக்கத்துக்குத் திரும்பிப் போனது. அது தூரத்தில் தேயும்வரை அதன் சத்தம் கேட்டது. எதிரே எந்தச் சத்தமும் வரவில்லை. ஹெட்லிக்குக் கண்தான் போயிருந்தது, காது போகவில்லை.

அவன் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கியரிலிருந்து கையை எடுத்து ஸ்டீயரிங்கில் வைத்தான்.

"இப்ப, லோர்னா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இரு."

இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே போனோம். பிறகு அவன் சைகை விளக்கைப் போட்டு, புல்லோரமாக ஒதுக்கி நிறுத்தினான். ரொம்ப நேர்த்தியாக நிறுத்தினான், ஓரம் அவனுக்கு நன்றாகத் தெரியும். என்ஜினை அணைத்தான். டிராக்டர் எங்களை விட்டுவிட்டு முன்னால் போனது.

"ரோடு காலியாத்தான் இருந்துது, இல்ல?"

"ஆமா."

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்தே."

தலையை ஆட்டினான். "நீ பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல."

"நீ எதைத்தான் பாத்தே" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஹெட்லி சிரித்தான். உண்மையாகவே சிரித்தான், தோள் குலுங்க. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவன் முழங்காலில் கை வைத்துக்கொண்டு கோதுமையைப் பார்த்தேன். அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவியை எடுத்து என் மடியில் போட்டான்.

"கிளட்ச் கொஞ்சம் முரடு" என்றான். "பாத்து மிதி."

இருவரும் இறங்கி, காரின் முன்பக்கமாகச் சுற்றி, இடம் மாறி உட்கார்ந்தோம். நான் இந்தக் காரை ஓட்டியதே இல்லை. இருக்கையை முன்னால் நகர்த்தினேன், அது நகர மறுத்தது, முதுகுக்கு என் கோட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். முதல் தடவை கிளப்பியதும் குதித்து நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும்.

"மகாராணி, அது குதிரை இல்ல" என்றான் இடது பக்கத்திலிருந்து.

"வாயை மூடிக்கிட்டு உக்காரு."

மூன்றாவது தடவை நகர்ந்தது. கிளட்ச் உண்மையிலேயே முரடுதான், இத்தனை வருடம் அவன் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. மாக்சினிடம் என்ன சொல்வது, மற்றவர்களிடம் யார் சொல்வது, ஜூனில் முன்காரை நான் ஓட்டுவேனா, இல்லை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு வீட்டில் இருப்போமா, எதையும் யோசிக்க முடியவில்லை. இரண்டாவது கியருக்குப் போவதே பெரும்பாடாக இருந்தது.

போன டிராக்டர் எவ்வளவு தூரம் போயிருக்கும். சீக்கிரமே அதைப் பிடித்துவிட்டோம். மறுபடியும் அதே நாற்றம், அதே எருப்பெட்டி. புல்லோரத்து இருக்கையிலிருந்து எனக்கு அந்தப் பெட்டியின் துருப்பிடித்த பின்கதவைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இங்கேதான் அவன் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தான், என் ஒரு சொல்லை நம்பி. இது எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை.

நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பக்கத்தில் அசைவு தெரிந்தது. ஹெட்லி கதவின்மேல் கையூன்றி, கழுத்தை வெளியே நீட்டி, நான் பார்ப்பதுபோலவே முன்னால் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். காற்றில் கண்ணில் நீர் வடிந்தது, துடைக்காமல் பார்த்தான். பிறகு உள்ளே வந்து நேராக உட்கார்ந்துகொண்டான்.

"இரு" என்றான்.

சாலை காலியாக இருந்திருக்கலாம். நான் இருந்தேன். டிராக்டர் ஒரு பண்ணைக்குள் திரும்பும்வரை அதன் பின்னாலேயே போனோம்.